நின்னுபோன கம்பெனி, நிக்காத வண்டி

போன இதழில் மரம் வளர்ப்பு பற்றியும், அதற்கு முந்தின இதழில் செல்போன் நன்மையா தீமையா என்றும் எழுதியிருந்தார்கள். நான் ஒரு வண்டியைப் பற்றி எழுதப் போகிறேன். பொம்பளப் புள்ளைக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும் என்று கேட்கிற பையன்கள் இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

வண்டியின் பெயர் ஃபோர்டு ஈகோஸ்போர்ட். எங்கள் மாமாவின் வண்டி. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நிற்குமே, வெள்ளைக் கலர், பின்கதவில் ஸ்டெப்னி டயர் மாட்டியிருக்கும், அதுதான். 2014 மாடல், டீசல். மாமா அதை 2022-இல் திருச்சியில் செகண்ட் ஹேண்டாக எடுத்தார். இப்போது அதை விற்றுவிட்டு பேங்க் லோன் போட்டுப் புது வண்டி எடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. வண்டி ஓடவில்லை என்பதற்காக இல்லை. "கம்பெனியே நாட்டை விட்டுப் போயிடுச்சு, அந்த வண்டியைப் போய் வச்சிருக்கீங்களே" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள், அதற்காக. மாமாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ஒரு பெரியவர் இதையே கேட்டாராம். அன்றையிலிருந்து மாமா முகமே சரியில்லை.

மாமாவுக்கு இருப்பது இரண்டரை ஏக்கர். புது வண்டிக்குத் தவணை மாசம் 16 ஆயிரம், ஏழு வருசம். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன், 13 லட்சத்து 44 ஆயிரம் வந்தது. நெல்லு வெளைஞ்சாலும் வெளையாட்டியும் அஞ்சாந்தேதி கட்டணும். யாரோ ஒருத்தர் கேட்ட ஒரு கேள்விக்கு 13 லட்சமா? இதுதான் என் கோபம்.

அந்த வண்டி எங்கே செய்தது என்று கேலி பேசுகிறவர்களைக் கேட்டால் அமெரிக்கா என்பார்கள். கம்பெனி அமெரிக்காதான். ஆனால் வண்டி நம்ம மறைமலைநகரில் செய்தது! செங்கல்பட்டுக்குப் போகும் வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற ஊர். ஈகோஸ்போர்ட் என்ற பெயரில் முதலில் 2003-இல் பிரேசில் நாட்டில் ஒரு வண்டி வந்தது. அதற்கு அடுத்த தலைமுறை வண்டியை 2012 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் காட்டினார்கள். 2013 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப மாடல் விலை 5 லட்சத்து 59 ஆயிரம். மறைமலைநகரில் செய்த வண்டி கப்பல் ஏறி ஐரோப்பாவுக்கும் போனது, 2018-இலிருந்து அமெரிக்காவிலேயே விற்பனையானது. அமெரிக்கக் கம்பெனியின் வண்டியை நம்ம ஊர்ப் பிள்ளைகள் செய்து அமெரிக்காக்காரர்களுக்கு அனுப்பினார்கள் என்றால் அது சின்ன விசயமா? கேலி பண்ணுகிறவர்களுக்கு இது தெரியாது.

கணக்குப் பாடம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்த வண்டியின் நீளம் 3999 மில்லிமீட்டர். டீசல் இன்ஜின் 1498 சி.சி. ஏன் 4000 இல்லை, ஏன் 1500 இல்லை? காரணம் வரி. 4 மீட்டருக்குள் இருந்து, டீசல் 1500 சி.சி.க்கு மேல் போகாமல் இருந்தால் அது சின்னக் கார். 2013-இல் சின்னக் காருக்கு மத்திய அரசின் உற்பத்தி வரி 12 சதவீதம். பெரிய எஸ்.யூ.வி.க்கு அந்த வருசம் 27-ஐ 30 சதவீதம் ஆக்கினார்கள். நீளத்தையும் இன்ஜினையும் அந்த எல்லைக்குள் வைத்து வரியை மிச்சம் பண்ணியிருக்கிறார்கள். உயரமான வண்டி வேண்டும், ஆனால் பெரிய வண்டி வாங்கக் காசில்லை என்று இருந்த குடும்பங்களுக்கு இது வழி விட்டது. அதற்கு முன்பே பிரீமியர் ரியோ என்று ஒரு குட்டி எஸ்.யூ.வி. 2009-இல் வந்தது, ஓடவில்லை. ஈகோஸ்போர்ட் ஓடிய பிறகுதான் 2016-இல் பிரெஸ்ஸா, 2017-இல் நெக்ஸான், 2019-இல் வென்யூ என்று வரிசையாக வந்தன. இன்றைக்கு ரோட்டில் பத்து வண்டி போனால் அதில் எத்தனை இந்த மாதிரி குட்டி எஸ்.யூ.வி. என்று எண்ணிப் பாருங்கள். முன்னாடி நடந்தவர் பெயர் மறந்து போச்சு, பின்னாடி வந்தவங்களுக்கு மாலை.

(இன்னொன்று. இதிலேயே ஒரு லிட்டர் பெட்ரோல் இன்ஜின் மாடலும் உண்டு. அந்த இன்ஜினின் அடிப்பாகம் ஒரு ஏ4 தாளின் மேல் அடங்கிவிடுமாம். நான் ஏ4 தாளைத் தரையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம்பவே முடியவில்லை.)

சரி, நம்ம ஊருக்கு இது ஏன் தோதான வண்டி? நம்ம மாவட்டத்து ரோடு எப்படி என்று சொல்லவே வேண்டாம். சுண்ணாம்புக்கல் ஏற்றின டிப்பர் லாரிகள் ஓடி ஓடி, ரோடு நடுவில் மேடும் ரெண்டு பக்கம் பள்ளமுமாக இருக்கிற இடங்களில் தாழ்வான காரெல்லாம் அடி தட்டும். ஈகோஸ்போர்ட்டின் அடிப்பாகம் தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரம். 55 சென்டிமீட்டர் தண்ணீர் வரைக்கும் இறங்கிப் போகும் என்று கம்பெனியே சொல்லி விற்ற வண்டி. நம்ம ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிற 15 சென்டிமீட்டர் ஸ்கேலை மூணரை தடவை ஒன்று மேல் ஒன்றாக நிறுத்தினால்கூட அதற்குக் கொஞ்சம் குறைவுதான். அதற்காக ஆறு மாதிரி ஓடுகிற தண்ணீரில் இறக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கொள்ளிடக் கரையில் இருக்கிற நமக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதும் இல்லை.

போன ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி எங்கள் அப்பாயிக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. திருமானூர் போய், பாலம் தாண்டி, திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் மெடிக்கல் போக வேண்டும். வழியில் ரெண்டு இடத்தில் ரோட்டு மேல் தண்ணீர் நின்றது. ஒரு காரும் ஒரு ஆட்டோவும் ஓரமாக ஒதுங்கிவிட்டன. மாமா இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு முன்னாடி நடந்து ஆழம் பார்த்துவிட்டு வந்து, மெதுவாகவே ஓட்டினார். வண்டி ஒரு இருமல் கூட இருமவில்லை. அப்பாயி இப்போது நன்றாக இருக்கிறார், வெற்றிலைதான் விடவில்லை. அன்றைக்கு அந்த வண்டியை யாரும் கம்பெனி இருக்கிறதா இல்லையா என்று கேட்கவில்லை.

குறை இல்லையா என்றால் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருக்கிறவர் பாடு கஷ்டம், அது எப்போதும் நான்தான். பின்கதவு மேலே தூக்காது, பீரோ கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும், அதனால் பின்னாடி சுவர் ஒட்டி நிறுத்தினால் திறக்க முடியாது. கைப்பிடியும் பின்விளக்கோடு சேர்ந்து ஒளிந்திருக்கும். முதல் நாள் நாங்கள் எல்லாரும் சேர்ந்து தேடினோம்.

பெரிய குற்றச்சாட்டு ஸ்பேர் கிடைக்காது என்பது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி ஃபோர்டு இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. பத்து வருசத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொன்னார்கள். சுமார் 4000 தொழிலாளர்களைப் பாதிக்கும் என்றும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது. மறைமலைநகர் ஆலையில் 2022-இல் வண்டி செய்வது நின்றது. குஜராத் சானந்த் ஆலை 2023 ஜனவரியில் டாடா கைக்குப் போனது. மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடியும் பயன்படுத்தப் போகிறோம் என்று 2024 செப்டம்பரில் ஃபோர்டு தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது. ஆக, நின்றது இங்கே வண்டி செய்வதும் விற்பதும். பழைய வண்டிகளுக்கு சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று அப்போதே சொல்லித்தான் நிறுத்தினார்கள். அதோடு இதே 1.5 டீசல் இன்ஜினை ஃபியஸ்டா, ஆஸ்பயர் வண்டிகளிலும் போட்டிருக்கிறார்கள், அதனால் இன்ஜின் சாமான் தேடுகிற ஆள் மாமா ஒருத்தர் மட்டும் இல்லை. மாமா வண்டிக்கு கிளட்ச் பிளேட் தேய்ந்தபோது எங்கள் மெக்கானிக் அண்ணன் திருச்சிக்கு போன் போட்டார், மூன்றாம் நாள் பஸ்ஸில் பார்சல் வந்தது. கண்ணாடி, லைட்டு, கதவு மாதிரி சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கவே இருக்கு. கொஞ்சம் காத்திருக்கணும், அது உண்மை. மூணு நாள் காத்திருக்கிறது கஷ்டமா, ஏழு வருசம் தவணை கட்டுறது கஷ்டமா?

இன்னொரு வதந்தியும் ஊரில் சுற்றுகிறது. டீசல் வண்டி பத்து வருசம்தான், அப்புறம் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க என்று. அது டெல்லிப் பக்கத்துச் சட்டம். இங்கே சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருசம், அதற்கப்புறம் ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்கலாம். 2014 வண்டிக்கு 2029 வரைக்கும் கவலை இல்லை.

எங்கள் தாத்தா கையில் எச்.எம்.டி. வாட்ச் கட்டியிருக்கிறார். அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் மத்திய மந்திரிசபையே முடிவு செய்தது. அம்பாசிடர் கார் செய்வது 2014-இல் நின்றது. தாத்தா வாட்சைப் பார்த்து "கம்பெனி இல்லையே, கழட்டிப் போடுங்க" என்று யாரும் சொன்னதில்லை, "அந்தக் காலத்து சரக்கு" என்று புகழ்கிறார்கள். வாட்சுக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

பங்குனியில் நந்தி கல்யாணத்துக்கு முன்னாடி மாமா முடிவு சொல்வதாக இருக்கிறார். விற்கப் போனால் கம்பெனி இல்லை என்று சொல்லி ரெண்டு லட்சத்துக்குக் கேட்பார்கள். வாங்குகிறவர் அதே வண்டியை இன்னும் அஞ்சு வருசம் ஓட்டுவார், மாமா அஞ்சு வருசமும் தவணை கட்டிக்கொண்டிருப்பார். இதை நான் வீட்டில் சொன்னால் "சின்னப் புள்ள சும்மா இரு" என்கிறார்கள். அதனால்தான் இங்கே எழுதிவிட்டேன். மாமா ஸ்கூலுக்கு என்னைக் கூட்டிப்போக வரும்போது படித்தாலும் படிப்பார்.

எதிர்க்கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதித் தமிழ் ஐயாவிடம் கொடுக்கலாம். ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு தடவையாவது அந்த வண்டியில் ஏறிப் பாருங்கள். நடு சீட்டை நானே விட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி