மாலைக்கண்ணும் மரபணுவும்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், கல்குளம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் தங்கள் பதினான்கு வயது மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தனர். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் பையன் படியேறும்போது தூணில் மோதிக்கொண்டான்.

“மாலைக்கண் என்று நினைத்து, முருங்கைக்கீரையும் சுறா மீன் எண்ணெயும் ஒரு வருடமாகக் கொடுத்தோம், சுவாமி; ஒன்றும் கேட்கவில்லை” என்றாள் தாய். உயிர்ச்சத்து ‘ஏ’ குறைவினால் வந்த மாலைக்கண்ணாயிருந்தால் தக்க மருந்தினால் தீர்ந்திருக்கும். இது வேறு. விழித்திரையின் ஒளியுணர் உயிரணுக்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோகும் ‘ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா’ என்னும் பரம்பரை நோய். முதலில் இருளில் பார்வை தடுமாறும். பின்னர் பக்கப் பார்வை சுருங்கி, மூங்கில் குழல் வழியே பார்ப்பது போலாகும். உலகில் ஏறக்குறைய நாலாயிரம் பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

அவர்கள் நம்மிடம் கேட்க வந்தது ஒரு சிபாரிசுக் கடிதம். தொலைவிலுள்ள நகரமொன்றின் சிகிச்சை நிலையத்தில், ‘ஸ்டெம் செல்’ ஊசி போட்டால் பார்வை திரும்பும் என்று கூறியிருந்தனர். இருபது சென்ட் தென்னந்தோப்பை விற்க விலை பேசியாயிற்று. மீதித் தொகைக்கு யாரிடமாவது உதவி பெற வேண்டும். நாம் குருமடத்தில் கற்றது தத்துவமும் இறையியலுமே. எனவே ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த வாரத்தில், நமக்குத் தெரிந்த கண் மருத்துவர் ஒருவரின் உதவியால் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

எந்த உறுப்பாகவும் வளரும் ஆற்றலுள்ள மூல உயிரணுவே ஸ்டெம் செல். 1998இல் மனிதக் கருவிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தபோது, கரு அழிக்கப்படுவதால் திருச்சபை அதனை மறுத்தது. 2008இல் வெளியான உரோமை ஆவணமும் அதனையே உறுதி செய்தது. ஆனால் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா 2006இல் எலியின் உயிரணுக்களையும், 2007இல் மனிதத் தோலின் உயிரணுக்களையும், நான்கே மரபணுக்களைப் புகுத்தி, மூல நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். இதில் எந்தக் கருவும் அழிவதில்லை. ஆகவே அந்தத் தடை இதற்கு இல்லை.

இவ்வாறு நோயாளியின் சொந்த உயிரணுவிலிருந்தே கடுகளவு விழித்திரை ஒன்றைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறார்கள். தாய் வயிற்றில் ஆவது போலவே அதற்கும் பல மாதங்கள் ஆகின்றன. ஐதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தின் ஆய்வாளர்கள் இம்முறையில் விழித்திரைக் கிண்ணங்களையும் சிறு கருவிழிப் படலங்களையும் வளர்த்து 2017இல் கட்டுரை வெளியிட்டனர். உயிருள்ள கண்ணிலிருந்து விழித்திரையை வெட்டியெடுத்துச் சோதிக்க இயலாதன்றோ? தட்டில் வளர்ந்ததைச் சோதிக்கலாம்.

ஆனால் சோதித்துக் கிடைப்பது எழுத்துக் கடல். மனித மரபணுத் தொகுதி ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்டது. பக்கத்திற்கு மூவாயிரம் எழுத்தென அச்சிட்டால் பத்து இலட்சம் பக்கங்களாகும். அதில் நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட இடங்களில் ஒவ்வொருவரும் சற்று வேறுபடுகிறோம். அவற்றுள் பார்வையைக் கெடுக்கும் பிழை ஒன்றோ இரண்டோ. பழைய திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரைத் தேடுவதற்கே நமக்கு அரை நாள் போய்விடுகிறது! இங்கே கணிப்பொறியன்றி வழியில்லை. தட்டிலுள்ள ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறக்குறைய 20,000 மரபணுக்களுள் எவை செயற்படுகின்றன, எவை ஓய்ந்துவிட்டன என்பதை அது அட்டவணையாக்கி, நலமான விழித்திரையோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. கண்ட பிழையைத் தட்டிலேயே திருத்தி, உயிரணு பிழைக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

இவையனைத்தும் நோயை அறியும் முயற்சி. குணமாக்குதல் இனிமேல்தான். 2014இல் ஜப்பானின் கோபே நகரில், எழுபது வயது கடந்த பெண்மணி ஒருவருக்கு, வயதினால் வரும் விழித்திரை நோய்க்காக, அவருடைய தோலிலிருந்து உருவாக்கிய உயிரணுப் படலத்தைக் கண்ணில் பொருத்தினர். அவருடைய பார்வை கூடவுமில்லை, குறையவுமில்லை. கவனமாகச் செய்த பெரும் ஆய்விலேயே இவ்வளவுதான். கவனமின்றிச் செய்ததன் கதை வேறு: அமெரிக்காவின் புளோரிடாவில், கொழுப்பிலிருந்து எடுத்த உயிரணுக்களை இரு கண்களிலும் ஊசி வழியே செலுத்திக்கொண்ட மூன்று மூதாட்டிகள் பார்வை இழந்ததை 2017இல் மருத்துவ ஏடு ஒன்று வெளியிட்டது. அவர்கள் இதற்குப் பணமும் கட்டியிருந்தனர். அதே ஆண்டில் நம் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் வெளியிட்ட நெறிமுறை, சில இரத்த நோய்கள் முதலானவற்றிற்கன்றி, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சை அளிக்கலாகாது என்கிறது. முறையான ஆய்வில் நோயாளியிடம் பணம் கேட்பதில்லை.

இதைச் சொன்னபோது தகப்பன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். தாய் மட்டும், “கர்ப்பமாயிருக்கும்போது நான் கிரகணம் பார்த்துவிட்டேன், அதனாலா சுவாமி?” என்று கேட்டாள். பதினான்கு ஆண்டுகளாக இதை மனத்தில் சுமந்திருக்கிறாள்! இல்லையம்மா என்றோம். அதற்குமேல் சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஏனெனில் அவள் தன் தாய்மாமன் மகனையே மணந்தவள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1091ஆம் விதிப்படி அத்தகைய திருமணத்திற்கு ஆயரின் விலக்கு வேண்டும். அந்த மனுவை அந்நாளில் எழுதிக்கொடுத்தவர் நாமே. ஒரே பாட்டனாரின் வழியில் ஒரே பிழை இருவரிடமும் மறைந்திருந்தால், அவர்களுக்கு நோய் வராது. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. உறவில் மணந்தோர் பிள்ளைகளுக்கெல்லாம் இது வருவதில்லை. அந்நியத்தில் மணந்தோருக்கும் வருவதுண்டு. ஆயினும் மனு எழுதும்போது சொத்து, சாதி, சீர் எல்லாம் நம் காதில் விழுந்தன. குடும்பத்தில் யாருக்காவது கண் தெரியாதா என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவளுடைய பாட்டியின் தம்பி இளமையிலேயே பார்வையிழந்தவர் என்பது தெரிந்திருக்கும்.

தோப்பு விற்கப்படவில்லை. மரபணுச் சோதனைக்காக மூவரின் இரத்தமும் மதுரைக்குச் சென்றிருக்கிறது, முடிவு வரவேண்டும். பையன் பகலில் நன்றாகவே படிக்கிறான். அவனுடைய அக்காளை அத்தை வீட்டில் பெண் கேட்டிருக்கிறார்கள். மனு நம் மேசை மீது இருக்கிறது. மதுரையிலிருந்து பதில் வரட்டும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.