ஸ்டாக்ஹோமுக்குப் போவானேன்?

சென்ற தை மாதத்தில் நண்பர் ஒருவர் என்னைக் காப்பி சாப்பிட அழைத்திருந்தார். வெறும் காப்பிக்காக யாரும் யாரையும் அழைப்பதில்லை என்பது என் நெடுநாள் அநுபவம். அன்றும் அது பொய்க்கவில்லை. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, சுவரிலிருந்த பெரிய திரையில் தம்முடைய பிரயாணப் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டத் தொடங்கிவிட்டார்.

நண்பர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர். மார்கழியில் மனைவியுடன் சுவீடன் தேசத்துக்குப் போய், ஸ்டாக்ஹோம் நகரத்தின் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பழைய நகரத்தின் நடுவே ஸ்டூர்டோரியெட் என்ற சதுக்கம். அதில் வரிசையாகச் சிவப்புச் சாயம் பூசிய மரக் கடைகள். கம்பளிக் காலுறை, மெழுகுவத்தி, வைக்கோலில் முடைந்த ஆட்டுப் பொம்மை, இஞ்சி பிஸ்கோத்து. ஏலக்காயும் கிராம்பும் பட்டையும் போட்டுச் சுடச்சுடக் காய்ச்சிய ஒரு திராட்சை மது; அதற்குக் 'குளோக்' என்று பெயராம். மாலை மூன்று மணிக்குள் இருட்டிப்போகிற அந்த ஊரில், அந்த விளக்கு வெளிச்சம் பார்க்கப் பரம அழகாகத்தான் இருந்தது. நான் ஒப்புக்கொள்கிறேன்.

"என்ன ஒரு ஜீவன், அண்ணா! ஊரே வீட்டை விட்டு வீதிக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது" என்றார் நண்பரின் மனைவி.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "தினம் ஸ்ரீபெரும்புதூர் வழியாகத்தானே வேலைக்குப் போகிறீர்கள்? சித்திரைத் திருவாதிரை உற்சவத்தின்போது இறங்கிப் பார்த்ததுண்டா?"

நண்பர் முகத்தைச் சுளித்தார். "ஐயோ ஸார், அந்தப் பத்து நாளும் நான் ஊருக்குள் தலையே நீட்ட மாட்டேன். ஒரே கூட்டம், ஒரே புழுதி. கால் வைக்க இடமில்லாமல் கடை கடையாகப் போட்டு வைத்திருப்பார்கள். அதையெல்லாம் முதலில் எடுத்தெறிய வேண்டும்."

அவர் வீட்டுக் காப்பியைக் குடித்த வாயால் அங்கேயே பதில் சொல்வது மரியாதையல்ல என்று வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால், இது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் அல்ல. இதைப் படிக்கும் நேயர்களில் பாதிப் பேராவது மனத்துக்குள் அவருக்குத் தலையாட்டியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இன்று பலருக்கும் நினைவு வருவது மோட்டார்த் தொழிற்சாலைகளும், 1991ல் அங்கே நேர்ந்த கொடுமையுந்தான். ஆனால் அந்த ஊர் இவற்றுக்கெல்லாம் மூத்தது. ராமாநுஜர் 1017ஆம் ஆண்டில் அவதரித்த தலம் என்று வைணவ உலகம் போற்றும் ஊர் அது. 2017ல் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் எழுந்தருளியிருக்கும் உடையவருக்கு, அவர் பிறந்த சித்திரைத் திருவாதிரையை ஒட்டிப் பத்து நாள் உற்சவம். உற்சவம் என்றால் கடைகளும் கூடவே வரும். சாமி வீதிக்கு வந்தால் வளையலும் பொரியும் ராட்டினமும் வீதிக்கு வரத்தானே செய்யும்?

சென்ற சித்திரையில் ஒரு மாலை நான் போயிருந்தேன். வெயில் தாழ்ந்தும் தரையில் சூடு தாழவில்லை. பஞ்சுமிட்டாய்க்காரன் மணி அடித்துக்கொண்டிருந்தான். ஒரு கிழவி, தார்ப்பாய் விரித்து வளையல் பரப்பியிருந்தாள். அவள் எதிரே ஐந்தாறு பெண்கள் குந்தியிருந்தார்கள். எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுக்கு மேலிராது. கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டையின் நாடா. பேச்சு தெற்கத்திப் பேச்சு.

"ஏ ஆச்சி, இந்த ஊதா வளவி டஜன் என்ன வெல?"

கிழவி விலை சொல்லாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். விரல்களை ஒடுக்கிப் பிடித்து, ஒவ்வொரு வளையலாக, ஒன்றுகூட உடையாமல் ஏற்றிவிட்டாள். "வேலைக்குப் போகையில கழட்டிரணும் ஆச்சி. லைன்ல போடக் கூடாது" என்றாள் பெண். "அப்ப இன்னிக்கு ராத்திரி முழுக்கப் போட்டுக்க" என்றாள் கிழவி. அந்தப் பெண் செல்பேசியை உயர்த்தி, வளையல் குலுங்கும் கையைத் தன் தாயாருக்குக் காட்டினாள். எத்தனையோ மைலுக்கு அப்பால் இருந்த அந்தத் தாய் என்ன சொன்னாளோ, பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

பிறகு நான் கிழவியிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "எங்க மாமியார் காலத்திலேருந்து இந்தத் திருநாளுக்கு வர்றோம் ஐயா. நேத்து அந்த முனையில போட்டேன். எடுன்னாங்க. இன்னிக்கு இங்க. நாளைக்கு எங்கேன்னு தெரியலை" என்றாள்.

இப்பொழுது ஸ்டாக்ஹோமுக்கு வருவோம். நண்பர் பார்த்துவிட்டு வந்தவற்றில் ஒன்று ஸ்கான்சன் என்ற இடத்துச் சந்தை. அதன் கதையை அவர் கேட்டு வந்தாரோ என்னவோ, நான் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவீடனிலும் தொழிற்சாலைகள் பெருகின. கிராமத்து ஜனங்கள் நகரத்துக்கு வந்தார்கள். பழைய வீடுகளும் பழைய கைவேலைகளும் பழைய பண்டிகைகளும் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. ஆர்தர் ஹேசேலியஸ் என்பவருக்கு அது பொறுக்கவில்லை. தேசத்தின் மூலைமுடுக்குகளிலிருந்து பழைய கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஸ்டாக்ஹோமில் நிறுத்தி, 1891ல் ஸ்கான்சன் என்ற திறந்தவெளிக் காட்சிசாலையைத் திறந்தார். அங்கே 1903ல் கிறிஸ்துமஸ் சந்தை ஆரம்பமாயிற்று. இன்றும் நுழைவுச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். அதாவது, வீதியில் இருந்தது கைநழுவிப் போகிறதே என்று பதறி, வேலி கட்டிக் காப்பாற்றிய பொருளைத்தான் நம் நண்பர் ஆகாய விமானம் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்தப் பதற்றம் நமக்கும் வந்திருக்கிறது. 1996ல் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறக்கப்பட்டது. பழைய தென்னாட்டு வீடுகளைப் பெயர்த்து வந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல காரியம். நான் குறை கூறவில்லை. ஆனால் அதே 1996ல்தான் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கொரியா தேசத்துக் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஒரே வருஷத்தில், ஒரு பக்கம் காட்சிசாலை திறந்தோம். மறு பக்கம் தொழிற்சாலைக்குக் கல் நட்டோம். இரண்டுக்கும் நடுவே உயிரோடு இருக்கும் திருவிழாவை என்ன செய்யப் போகிறோம் என்று மட்டும் யோசிக்கவில்லை. இன்று தார்ப்பாயைச் சுருட்டி விரட்டுவோம். ஐம்பது வருஷம் கழித்து மெழுகில் ஒரு வளையல்காரியைச் செய்து கண்ணாடிக்குள் உட்காரவைத்து, சீட்டு விற்போம். அப்படித்தானே?

"தொழிற்சாலைதானே ஐயா இன்றைக்கு அந்த ஊருக்குச் சோறு போடுகிறது? திருவிழாக் கடை சோறு போடுமா?" என்று ஒருவர் கேட்கலாம். தொழிற்சாலை வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? ஆனால் ஒரு ஞாபகம் இருக்கட்டும். சுவீடனுக்குப் பக்கத்து வீடான பின்லாந்திலிருந்து நோக்கியா நம்மைத் தேடி ஸ்ரீபெரும்புதூருக்கே வந்தது. 2006ல் செல்பேசி உற்பத்தி தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தி நின்றது. எட்டே வருஷம்! மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்த வளையல் கடையை ஊருக்கு இடைஞ்சல் என்றும், எட்டு வருஷத்தில் மூடிப்போகக்கூடியதை ஊரின் அஸ்திவாரம் என்றும் பேசுவது என்ன கணக்கு?

அந்தப் பெண்களின் கதைக்கும் வருவோம். 2021 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில், இந்தப் பிரதேசத்துச் செல்பேசித் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாட்டினால் அவர்களுடைய தோழிகள் பலர் நோயுற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். மேல்நாட்டார் பண்டிகைக்குப் பரிசாகக் கொடுத்து மகிழ்கிற செல்பேசிகளைப் பூட்டுகிற கைகள் அவை. அதன் பிறகு சர்க்கார் விழித்துக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி ஒன்று, 706 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. மெத்தச் சந்தோஷம். படுக்க இடம் கிடைத்தது. படுத்து எழுந்த பிறகு, விடுமுறையன்று அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? பெரிய அங்காடிக்குப் போனால் கண்ணாடிக் கதவே அவர்களை எடை போடுகிறது. சொந்த ஊரோ ஒரு ராத்திரிப் பிரயாணம். பெயர் கேட்காமல், சீட்டுக் கேட்காமல், கையைப் பிடித்து வளையல் ஏற்றிவிட ஒருத்தி இருக்கிற இடம் அந்தத் திருவிழா வீதி ஒன்றுதான். அதைத்தான் நண்பர் எடுத்தெறியச் சொல்கிறார்.

குப்பையும் நெரிசலும் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்டாக்ஹோமின் சுத்தம் பனியோடு ஆகாயத்திலிருந்து விழுந்ததா? கடைக்கென்று இடம் ஒதுக்குகிறார்கள், விளக்குப் போடுகிறார்கள், குப்பையை அள்ளுகிறார்கள். சந்தை தங்கள் நகரத்துக்கு அழகு என்று நினைக்கிறார்கள். அதனால் அதற்கு வேண்டியதைச் செய்கிறார்கள். நாம் இடைஞ்சல் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் இருந்து, பிறகு குப்பையைக் காட்டி மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

சட்டம் இல்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. 2014ல் பாராளுமன்றம் தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் செய்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகள் என்று அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அது சொல்கிறது. இடங்களைத் தீர்மானிக்கும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் கிழவியைப் போன்றவர்களை அந்தக் குழுவில் உட்காரவைத்து, "பத்து நாளைக்கு உனக்கு எந்த இடம் வேண்டும், அம்மா?" என்று கேட்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. தண்ணீர்க் குழாய் நாலு, கழிப்பறை சில, கடைகளுக்குச் சுண்ணாம்புக் கோடு, கார்களுக்கு மாற்று வழி. ஆயிரக்கணக்கான கார்களை உற்பத்தி செய்யத் தெரிந்த ஊருக்கு, பத்து மாலை நேரத்துக்குச் சில கார்களைத் திருப்பிவிடத் தெரியாதா?

நேயர்களில் வசதியுள்ளவர்கள் ஸ்டாக்ஹோமுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் திரும்பி வந்த பிறகு, வருகிற சித்திரைத் திருவாதிரைக்கு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரு தடவை போங்கள். சென்னையிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வளையல் வாங்குங்கள். குளோக்குக்குக் கேட்ட விலையைக் கொடுத்தவர்கள், வளையலுக்கு மட்டும் பேரம் பேச வேண்டாம். திரும்பும்போது, "இந்தக் கடைகள் இங்கேயே இருக்கட்டும், இவற்றுக்குத் தண்ணீரும் விளக்கும் கொடுங்கள்" என்று ஊர் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.

என் நண்பருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த சித்திரையில் அவரையும் அவர் மனைவியையும் நானே அழைத்துப் போகப்போகிறேன். அந்தக் கிழவி அதற்குள் எந்த முனைக்குத் தள்ளப்பட்டிருப்பாளோ, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.