அந்த டிக்கை எடுக்காதீங்க சாமி!

பொட்டி தட்டுற வேலையில இருந்தா, சொந்தக்காரங்க வீட்டுல மிக்ஸி ஓடலைன்னாலும் நமக்குத்தான் போன் வரும் :-) போன வாரம் வந்தது வைஃபை பஞ்சாயத்து.

சித்தி பையன். கோயமுத்தூர் பக்கம் ஹாஸ்டல்ல தங்கி இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறான். ராத்திரி 10 மணி இருக்கும். "அண்ணா, லேப்டாப்ல வைஃபை எடுக்க மாட்டேங்குது. 11 மணிக்கு இன்டர்ன்ஷிப் டெஸ்ட். பாஸ்வேர்டை 14 தடவ அடிச்சுட்டேன்"னு அழாத குறை. அந்த டெஸ்டை போன்ல எழுத முடியாது. ஹாட்ஸ்பாட் போடலாம்னா ரூம்ல டவர் ஒரு கோட்டைத் தாண்டாது. என்கிட்ட பேசுறதே போன்ல வைஃபை வச்சுத்தான்.

அதுலயே பாதி விடை இருக்கு. அதே பேரு, அதே பாஸ்வேர்ட், போன்ல வேலை செய்யுது. அப்போ பாஸ்வேர்ட் சரி, அக்கவுன்ட் லாக் ஆகலை, சர்வரும் உயிரோட இருக்கு. கோளாறு லேப்டாப்லதான். நான் அடுத்த கேள்விக்கு வர்றதுக்குள்ள பக்கத்து ரூம் சீனியர் வந்து, செட்டிங்ஸ்ல எங்கயோ உள்ள போய் ஒரு டிக்கை எடுத்துவிட்டார். இணைஞ்சிருச்சு! "சீனியர் சரி பண்ணிட்டாருண்ணா"ன்னு போனை வச்சுட்டான்.

ரெண்டே நிமிஷம். மறுபடி போன். டெஸ்ட் பக்கம் திறக்கலையாம். குரோம் என்னடா சொல்லுதுன்னு கேட்டேன். 'உங்க கடிகாரம் பின்தங்கியிருக்கு'ன்னு சொல்லுதாம். மூலையில தேதியைப் பார்த்தா... 1 ஜனவரி 2019!

அது நான் தேயத் தேய ஓட்டிட்டுக் குடுத்த பழைய லேப்டாப். பேட்டரி எப்பவோ செத்தாச்சு, சார்ஜர் சொருகினாத்தான் ஓடும். உள்ள கடிகாரத்துக்குன்னு இருக்கிற காசு சைஸ் செல்லும் போயிருக்கு. சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும் தேதி பின்னாடி ஓடிருச்சு. கையால தேதியை மாத்தினான், 10:50க்கு பக்கம் திறந்தது. டெஸ்டும் எழுதிட்டான். சுபம்.

எனக்குத்தான் தூக்கம் வரல. அந்த டிக்!

காலேஜ், ஆபீஸ்ல ஆளுக்கொரு பேரும் பாஸ்வேர்டும் குடுத்து ஓடுற வைஃபை, வீட்டு வைஃபை மாதிரி இல்ல. 802.1எக்ஸ்னு பேரு. அதுல பரவலா புழங்குற பீப் முறையில, முதல்ல சர்வர்தான் தன்னோட சான்றிதழைக் காட்டணும். லேப்டாப் அதைச் சோதிச்சு, 'ஆமா, இது நம்ம காலேஜ் சர்வர்தான்'னு திருப்தி ஆனப்புறம்தான் பாஸ்வேர்ட் பேச்சே. சான்றிதழ் எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு அதுலயே இருக்கும். 2019ல வாழற லேப்டாப்புக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்ல! கதவைச் சாத்திருச்சு. அதாவது, தம்பி 14 தடவ அடிச்ச பாஸ்வேர்ட் ஒரு தடவகூட சர்வர்கிட்ட போய்ச் சேரல. தேதியை நெட் வழியா சரி பண்ணிக்கலாம்னா, அதுக்கு முதல்ல நெட் வேணும். நல்ல கூத்து.

சீனியர் எடுத்துவிட்டது இந்தச் சோதனையைத்தான். பூட்டுல சாவி திரும்பலைன்னு பூட்டையே கழட்டி எறிஞ்ச கதை. இனிமே எதிர்த்த டீக்கடையில ஒருத்தன் அதே பேர்ல ஒரு வைஃபை வச்சுக்கிட்டு உக்காந்தா, லேப்டாப் தானாவே அவன்கிட்ட போய்ப் பேசும். பாஸ்வேர்ட் அப்படியே போகாது, எம்எஸ்-சேப் வி2ங்கிற முறையில சவாலும் பதிலுமா போகும். அது பத்திரம்னு நினைச்சா, 2012 டெஃப்கான் மாநாட்டுலயே மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் அதை ஒரே ஒரு 56 பிட் சாவியை உடைக்கிற வேலையா சுருக்கிக் காட்டிட்டாங்க. சுலபமான பாஸ்வேர்டா இருந்தா அவ்ளோ மெனக்கெடவும் வேணாம். தம்பியோட காலேஜ்ல மெயிலுக்கும், ஃபீஸ் கட்டுற பக்கத்துக்கும் அதே பாஸ்வேர்டுதான்.

சீனியரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. நான் படிக்கறப்போ இதே வைத்தியத்தை எங்க மாடி முழுக்கப் பார்த்தவன், ஹி ஹி. அதைவிடக் கொடுமை, எங்க நோட்டீஸ் போர்டுலயே 'சான்றிதழ் சோதிக்க வேண்டாம் என்பதைத் தேர்வு செய்யவும்'னு ஒட்டியிருந்தாங்க. பிக்சல் போன்கள்ல 2020 டிசம்பர் அப்டேட்ல கூகுள் அந்த வசதியையே தூக்கிருச்சு. அந்த மாதிரி நோட்டீஸை நம்பியிருந்தவங்க திண்டாடியிருப்பாங்க. இருந்தாலும் அது சரின்னுதான் எனக்குப் படுது.

என் கோபமெல்லாம் நம்ம ஜாதிக்காரங்க மேல, அதாவது மென்பொருள் எழுதுறவங்க மேல. அதே லேப்டாப், அதே கோளாறு. குரோம் ஒரு வரியில உண்மையைச் சொல்லிருச்சு. வைஃபை பக்கமோ 'இணைக்க முடியவில்லை'ன்னு சொல்லிட்டு கம்முனு உக்காந்துக்குது. விண்டோஸ்ல நெட்ஷ் கட்டளை குடுத்தா கடைசி 3 நாள் வைஃபை வரலாறே ரிப்போர்ட்டா வருது. அவ்ளோ குறிச்சு வைக்கிற மெஷினுக்கு, 'சான்றிதழ் தேதி ஒத்துவரல, உன் கடிகாரத்தைப் பாரு'ன்னு சொல்ல வாய் வலிக்குதா? காரணம் தெரியாதவன் கையில எது கிடைக்குதோ அதைத்தான் கழட்டுவான்.

அதனால மக்களே, அடுத்த தடவ ஒரு தம்பியோ தங்கச்சியோ கேட்டா, வேற ஒரு கருவியில அதே பாஸ்வேர்ட் ஓடுதான்னு பாருங்க. அடுத்து தேதி. அப்புறம் பழைய நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி, காலேஜ் குடுத்த செட்டிங்கை மறுபடி போடுங்க. டிக் மட்டும் இருந்த இடத்துலயே இருக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை உக்காந்து தம்பியை டிக்கைத் திரும்பப் போட வச்சேன், பாஸ்வேர்டையும் மாத்தச் சொன்னேன். முதல் தடவையே இணைஞ்சிருச்சு.

கொசுறு: அந்தச் செல் வயர் வச்ச மாடல். ரிச்சி தெருவுல தேடிக் கூரியர்ல அனுப்பணும். அதுவரைக்கும் கரண்ட் போனா தேதியைப் பார்க்கறது தம்பி பொறுப்பு.