குழந்தைக்குக் காது கேட்கலை... எந்தத் துறைக்குத் தெரியும்? ஜவ்வாது மலையிலிருந்து ஒரு டேட்டா கேள்வி

ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு மலைக்கிராமம். இரண்டு வயதுக் குழந்தை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தையைப் பற்றி அரசிடம் தகவல் இல்லையா? நிறையவே இருக்கும். அம்மா கர்ப்பமாக இருந்தபோதே வாங்கிய பிக்மி எண், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, அங்கன்வாடி, ரேஷன் கார்டு... ஆனால் இவை வெவ்வேறு துறைகளின் கம்ப்யூட்டர்களில் பிரிந்து கிடக்கின்றன.

காது விஷயத்தில் இதற்கு ஒரு கெடு இருக்கு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். பள்ளியில் சேர்ந்து, எமிஸ் பதிவில் பெயர் ஏறி, டீச்சர் கவனித்துச் சொல்வதற்குள் அந்தக் கெடு நெருங்கிவிடும்.

அதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கே வந்து பரிசோதிக்கின்றன. குறை தெரிந்தால் மேல்சிகிச்சைக்கு மாவட்டத் தலைநகருக்கு அனுப்புவார்கள். அதன்பிறகு? மலையிலிருந்து போளூருக்கு இறங்கி, திருவண்ணாமலைக்கு பஸ் மாறணும். ஒரு நாள் கூலி போச்சு. குழந்தை போய்ச் சேர்ந்ததா என்ற தகவல் அங்கன்வாடி ஊழியருக்குத் திரும்பி வந்தால்தான், வராதவர் வீட்டுக் கதவை யாராவது தட்ட முடியும்.

யூடிஐடி கார்டு இருக்கே?

இருக்கு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நாடு முழுவதும் 1 கோடிக்கும் மேற்பட்ட கார்டுகள் தரப்பட்டுள்ளன. ஆனால் விண்ணப்பித்தவரை மட்டும்தான் கார்டுக்குத் தெரியும். கார்டு கிடைத்த பிறகும் மாத ஓய்வூதியத்துக்கு வருவாய்த் துறை, கடும் பாதிப்புள்ளவர்களுக்கான 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை என்று தனித்தனியாக ஜெராக்ஸோடு அலையணும்.

மொத்தம் எத்தனை பேர் என்பதற்கே 2011 சென்சஸ்தான் ஆதாரம்: தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022-ல் உலக வங்கி ஒப்புக்கொண்ட 16.2 கோடி டாலர் கடனுடன் 'உரிமைகள்' திட்டம் வந்தது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு, 'விழுதுகள்' சேவை மையங்கள் எல்லாம் இதில் அடக்கம். நல்ல தொடக்கம்தான். ஆனால் புதிதாக எடுத்த கணக்கு, பழைய பிக்மி, அங்கன்வாடி பதிவுகளோடு பேசாவிட்டால் அதுவும் இன்னொரு தனிப் பட்டியலாகிவிடும்.

ஆஸ்திரேலியா மாதிரி செய்யலாமா?

அங்கே மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தேசிய அளவில் மாற்றுத்திறனாளிகள் டேட்டாவை இணைக்கின்றன. பெயர், முகவரியை நீக்கிவிட்டு ஆய்வுக்கு மட்டும் தருகிறார்கள். எந்தப் பகுதியில் சிகிச்சை தாமதம் என்று கண்டுபிடிக்க இது உதவும். ஆனால் கதவைத் தட்ட பெயர் தெரியணுமே! இது வேறு வகை இணைப்பு, இதற்கு விதிகளும் வேறாக இருக்கணும். முப்பது வீடு உள்ள குக்கிராமத்தில் 'பார்வையற்ற, 8 வயதுப் பெண்' என்றாலே யாரென்று ஊருக்கே தெரியும். பெயரை நீக்கிப் பயனில்லை. 21 வகைகளில் மனநோயும் இருக்கிறது. அந்தத் தகவல் வெளியே போனால் வேலை, கல்யாணம் எல்லாமே சிக்கல்.

தவறாக இணைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹரியானா உதாரணம். அங்கே குடும்ப அடையாள எண் டேட்டாவில், உயிரோடு இருப்பவர்களையே இறந்தவர்கள் என்று காட்டியதால் முதியோர் பலரின் ஓய்வூதியம் நின்றது.

நம்ம ஊரிலும் ஆதாரில் இனிஷியல், யூடிஐடியில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர். 2023-ன் டேட்டா பாதுகாப்புச் சட்டம், நலத்திட்டங்களுக்காகத் தகவலைப் பயன்படுத்த அரசுக்குத் தனி வழி தந்திருக்கிறது. பிழை வந்தால் திருத்தும் வேலை மட்டும் நடைமுறையில் பயனாளியின் தலையில்தான். அதற்கும் மலையிலிருந்து அதே பஸ் பிடிக்கணும்.