விரல் தளர்ந்தால் விளையாட்டும் கசக்க வேண்டுமா?

 

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு சகோதரி தன் வீட்டு விடயமொன்றை என்னிடம் எடுத்துச் சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது; கண்ணும் கலங்கியது.

அவரது கணவருக்கு வயது 38. தொழில், தொழுகை, குடும்பம் எதிலும் குறை சொல்ல முடியாத மனிதர். இளமையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் 2 இயந்திரத்தில் ‘வின்னிங் இலவன்’ என்ற உதைபந்தாட்ட விளையாட்டு பரவியிருந்த காலத்தில், அந்தத் தெருவிலே அவரை வென்றவர் கிடையாதாம். அந்த விளையாட்டே பல பெயர் மாறி, ‘ஈஃபுட்போல்’ என்ற பெயரில் கையடக்கத் தொலைபேசியிலும் கிடைக்கிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு அதை அவர் தொடர்ந்து ஆடி வந்திருக்கிறார். மூத்த மகனுக்கு 13 வயதானதும் அவனுக்கும் தாமே கற்றுக் கொடுத்தார்.

ஆறு மாதத்துக்குள் மகன் வாப்பாவை வெல்லத் தொடங்கிவிட்டான். முதல் தடவை வாப்பா சிரித்தார். பத்தாவது தடவை சிரிக்கவில்லை. ஒரு நாள் ஐந்து கோல் வாங்கித் தோற்றபோது மகன் துள்ளிக் குதித்துச் சிரித்துவிட்டான். உடனே அவனுடைய கையிலிருந்த தொலைபேசியைப் பறித்து, “படிக்கிற பிள்ளைக்கு என்ன விளையாட்டு?” என்று சத்தம் போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு கிழமையாக மகன் வாப்பாவுடன் சரியாகக் கதைப்பதில்லை. அவரோ இரவில் தனியே இருந்து முன்பின் தெரியாதவர்களுடன் ஆடித் தோற்கிறார். முகத்தில் சந்தோசமில்லை. ஆனாலும் விடுகிறாரில்லை.

“படிப்புக்காகப் பறிக்கவில்லை மௌலவி, தோற்றதற்காகத்தான் பறித்தார். அது எனக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது” என்றார் அந்தச் சகோதரி.

நான் சட்டென்று, “விளையாட்டுத்தானே, விட்டுவிடச் சொல்லுங்கள்” என்று பதில் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அன்றிரவு அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. அறபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் அஸருக்குப் பிறகு கரப்பந்தாட்டத்தில் முன்வரிசையில் நின்றவன் நான். இன்று என் மாணவர்கள் மரியாதைக்காகப் பந்தை எனக்கு மெதுவாகத் தட்டிவிடுகிறார்கள். அந்த மரியாதை எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஆகவே இந்த விடயத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

கை எப்போது தளர்கிறது?

நாற்பதில், ஐம்பதில் என்றுதான் நாம் நினைப்போம். கனடாவிலுள்ள சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ என்ற போர்த்தந்திர விளையாட்டை ஆடும் 16 முதல் 44 வயது வரையான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். திரையில் ஒரு புதிய இடத்தைக் கண்ட பின் முதல் செயலைச் செய்வதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை அளந்தார்கள். அந்த வேகம் 24 வயதளவிலேயே குறையத் தொடங்குவது தெரிய வந்தது. குறைவு ஒரு நொடியின் சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்குக்குள் வெற்றி தோல்வி தீர்ந்துவிடும் ஆட்டங்கள் இவை. திறமைசாலிகளுக்கும் இந்தத் தளர்ச்சியிலிருந்து விலக்கு இருக்கவில்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. வேகம் குறைந்த மூத்த ஆட்டக்காரர்கள் சிக்கலான திட்டங்களை விட்டு எளிய திட்டங்களுக்கு மாறி, விளையாட்டில் உள்ள சுருக்கு வழிகளைச் சிக்கனமாகப் பயன்படுத்தி அந்தக் குறையை ஈடு செய்வதாகத் தெரிந்தது. கை இழந்ததில் ஒரு பகுதியை அனுபவம் திருப்பிக் கொடுக்கிறது.

வயது மட்டும் காரணமுமல்ல. பதினெட்டு வயதில் ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் ஆடியவருக்கு இன்று அரை மணித்தியாலம் கிடைத்தால் பெரிய காரியம். அதுவும் நாள் முழுக்க உழைத்துக் களைத்த அரை மணித்தியாலம். எதிரில் இருப்பவனோ பாடசாலை விட்டு வந்து தேநீர் குடித்துவிட்டு உட்கார்ந்த பிள்ளை. விளையாட்டை நடத்தும் நிறுவனங்களும் அடிக்கடி ஆட்டத்தில் மாற்றங்களைச் செய்கின்றன. நேற்றுக் கற்றது இன்று பழசாகிவிடுகிறது. அத்துடன் இணையத்தில் நடக்கும் போட்டிகளில், நமது தரத்துக்குச் சமமானவரைத் தேடி எதிரில் நிறுத்துவதுதான் ஏற்பாடு. வென்றால் அடுத்த எதிரி இன்னும் வலியவர். ஆகவே எவ்வளவு திறமை இருந்தாலும் பெரும்பாலானோர் ஏறக்குறையப் பாதி ஆட்டங்களில் தோற்கவே செய்வார்கள். தெருவில் பத்துப் பேருக்குள் முதலாவதாக இருந்தவருக்கு இது புதிய அனுபவம். தாம் கெட்டுவிட்டதாக அவர் நினைக்கிறார். உண்மையில் தெருதான் பெரிதாகிவிட்டது.

இதையே தொழிலாகக் கொண்டவர்களின் நிலையையும் பாருங்கள். சீனாவின் ஜியான் ட்சுஹாவ், ‘லீக் ஒஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டில் உலகப் புகழ் பெற்றவர். 2020 இல் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 23. கையில் உபாதை, உடலில் நீரிழிவு. பின்னர் திரும்பி வந்து ஆடினார் என்றாலும், அந்த வயதில் அந்த அறிவிப்பைச் செய்ய நேர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். “நானும் விளையாட்டிலேயே உழைக்கப் போகிறேன்” என்று சொல்லும் மகன் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கதையையும் அவனுக்குச் சொல்லி வையுங்கள். மறுபக்கத்தையும் மறைக்க வேண்டாம். அதே விளையாட்டில் கொரியாவின் லீ சாங் ஹியோக் 2013 இல் தமது 17 வயதில் உலகக் கிண்ணத்தை வென்றார். 2015, 2016 இலும் வென்றார். பின்பு ஆறு வருடங்கள் கிண்ணம் அவர் கைக்கு வரவில்லை. ‘இவர் முடிந்தார்’ என்று பலர் சொன்ன பின்னர் 2023, 2024, 2025 ஆகிய மூன்று வருடமும் தம் அணியுடன் தொடர்ந்து வென்றார். கடைசி வெற்றியின்போது அவருக்கு வயது 29.

வெல்வதற்கு ஒன்றுமில்லாத இடம்

என் மனதில் அதிகம் பதிந்தது ஜப்பானின் டைகோ உமெஹாராவின் கதை. 1981 இல் பிறந்தவர். ஏறத்தாழ என் வயதுக்காரர். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்ற சண்டை விளையாட்டில் 17 வயதிலேயே அமெரிக்கா சென்று அந்நாட்டின் முன்னணி ஆட்டக்காரரை வென்றவர். 2004 இல் நடந்த ஓர் ஆட்டத்தில், இன்னும் ஓர் அடி பட்டால் தோல்வி என்ற நிலையில், எதிரியின் தொடர் அடிகள் பதினைந்தையும் ஒன்று தவறாமல் தடுத்துத் திருப்பி அடித்து வென்றார். அந்தக் காட்சியை இன்றும் உலகம் பார்த்துக் கொண்டிருக்கிறது.

அப்படிப்பட்டவர் அதன் பின் அந்த விளையாட்டையே விட்டுவிட்டார். மாஜோங் என்ற வேறோர் ஆட்டத்தில் சில வருடங்கள் கடுமையாக முயன்று அதையும் விட்டார். பிறகு முதியோரைப் பராமரிக்கும் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். முதியவர்களைத் தூக்கி இருத்துவது, ஊட்டுவது, கழுவித் துடைப்பது போன்ற வேலைகள்தான் அங்கே. வெற்றி தோல்வி என்ற பேச்சே இல்லாத அந்த இடத்தில் மனம் ஆறியதை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகே மீண்டும் விளையாட்டுக்கு வந்து 2009 இலும் 2010 இலும் பெரிய போட்டிகளை வென்றார். 2015 இல் ஓர் இறுதிப் போட்டியில் தோற்று இரண்டாமிடம் பெற்றபோது, கிடைத்த 60,000 டொலரையும் மாணவர்களின் புலமைப்பரிசில் நிதிக்குக் கொடுத்துவிட்டார். நாற்பதைக் கடந்த பின்பும் அவர் ஆட்டத்தை விடவில்லை. இளையவர்களிடம் தோற்பதற்கும் வெட்கப்படவில்லை.

வென்றால்தான் நான் மனிதன் என்று நினைத்திருந்தவருக்கு, வெல்வதற்கு ஒன்றுமில்லாத இடத்தில்தான் ஆறுதல் கிடைத்தது. நம் சகோதரியின் கணவருக்கு விரல் தளர்ந்தது இயற்கை. இன்பம் போனதற்குக் காரணம் வேறு. விளையாட்டின் இன்பம் முழுவதையும் அவர் வெற்றிக்குள் மட்டும் வைத்திருந்தார். வெற்றி போகும்போது அது இன்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இந்த இடத்தில் நமக்குப் பழக்கமான இரண்டு சம்பவங்கள் நினைவுக்கு வருகின்றன. நபி (ஸல்) அவர்களின் அல்அழ்பா என்ற ஒட்டகத்தை ஓட்டத்தில் எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் நாட்டுப்புற அறபி ஒருவர் தமது இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு மனம் பொறுக்கவில்லை. உலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என்று நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். மற்றையது, ஆயிஷா (ரழி) அவர்களுடன் நபியவர்கள் ஓடிய ஓட்டம். முதல் தடவை ஆயிஷா (ரழி) முந்தினார்கள். காலம் சென்று, உடல் சற்றுப் பருத்த பின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தி, அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று சிரித்துக் கொண்டார்கள். இருவரும் ஒவ்வொரு தடவை தோற்றார்கள். இருவருக்கும் நடுவில் இருந்த பாசம் தோற்கவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

சகோதரிகளே, “கிழவராகிப் போனீர்கள், இன்னும் என்ன விளையாட்டு?” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நமது ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட்ட முதல் நாளை நினைத்துப் பாருங்கள். அன்று யாராவது நம்மைப் பார்த்துச் சிரித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? மகனுக்கும் சொல்லிக் கொடுங்கள்: வெல்லலாம், ஆனால் வாப்பாவின் முகத்துக்கு நேரே துள்ளக் கூடாது. வாப்பா கற்றுத் தந்த விளையாட்டில் வாப்பாவை வெல்வது வாப்பாவுக்கும் பெருமைதான் என்பதை அவர் உணர இடம் கொடுக்க வேண்டும்.

கணவரிடம் அவர் களைப்பாறி இருக்கும் நேரம் பார்த்துப் பேசுங்கள். நடுநிசியில் களைத்த கண்ணுடன் ஆடினால் யாரும் தோற்பார்கள். இரண்டு தடவை தொடர்ந்து தோற்றால் அன்றைக்குப் போதும் என்று ஒரு கட்டுப்பாட்டை அவரே வைத்துக் கொள்ளட்டும். விரல் வேகத்தை விட யோசனைக்கு இடம் கொடுக்கும் ஆட்டங்களும் உண்டு. முன்பின் தெரியாதவர்களுடன் மோதுவதை விட, மகனோடு ஒரே பக்கத்தில் நின்று ஆடும் வழிகளும் உண்டு. ஜப்பானில் ஹமாக்கோ மோரி என்ற மூதாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய பின்பே இந்த விளையாட்டுகளைத் தொடங்கினார். விளையாட்டுக் காணொளிகளை வெளியிடுவோரில் உலகிலேயே மூத்தவர் என்று 2020 இல் கின்னஸ் நூலில் அவர் பெயர் பதிவானபோது அவருக்கு வயது 90. இளையவர்களை வெல்ல வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இல்லை. அதனால் சலிப்பும் வரவில்லை.

அந்தச் சகோதரியை அழைத்து, முன்பு அவசரப்பட்டுப் பதில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு இவற்றைச் சொன்னேன். சில கிழமைகளின் பின் அவர் சொன்ன செய்தி இது. அலுமாரி திறக்கப்பட்டுவிட்டது. “அன்றைக்கு நான் படிப்பைச் சொல்லிப் பறித்தது சரியில்லை, மகன்” என்று கணவர் தாமாகவே மகனிடம் சொல்லியிருக்கிறார். இப்போது மகன் ஆட, வாப்பா பக்கத்தில் இருந்து, “இடப்பக்கம் வெறுமையாக இருக்கிறது, பந்தை அங்கே போடு” என்று சொல்லிக் கொடுக்கிறாராம். விரல் மகனுடையது; கண் வாப்பாவுடையது. சில இரவுகளில் இன்னும் தனியே ஆடித் தோற்கத்தான் செய்கிறாராம். அப்படியான நேரத்தில் இந்தச் சகோதரி ஒன்றும் கேட்காமல் ஒரு பிளேன்டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறார்.

அவர் செய்வது சரிதான். எல்லாத் தோல்விக்கும் புத்திமதி தேவைப்படுவதில்லை.