ஓடுகிற கடையை விற்கப் போகிறீர்களா?

பெயர் உரிமைக் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

2017-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் டில்லி நகரில் 43 கடைகள் மூடப்பட்டன. எல்லாம் "மெக்டொனால்ட்ஸ்" என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெயரில் நடந்த பர்கர் கடைகள். டில்லியில் அந்தப் பெயரில் இருந்த கடைகள் மொத்தம் 55. அவற்றில் 43 கடைகளுக்குப் பூட்டு விழுந்தது.

கூட்டம் குறைந்ததால் மூடினார்களா? இல்லை. உணவு விடுதி நடத்தும் லைசென்சு புதுப்பிக்கப்படவில்லை. அதுதான் காரணம்.

இதற்குப் பின்னால் பெரிய தகராறு ஒன்று இருந்தது. டில்லியைச் சேர்ந்த விக்ரம் பக்ஷி என்பவரும் அமெரிக்கக் கம்பெனியும் 1995-ல் கூட்டுச் சேர்ந்தார்கள். ஆளுக்குப் பாதிப் பங்கு. 1996 அக்டோபரில் டில்லி வசந்த் விகாரில் முதல் கடை திறந்தது. பிறகு வட இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் கடைகள் பெருகின.

2013 ஆகஸ்டில் கூட்டாளிகள் முறைத்துக்கொண்டார்கள். நிர்வாக இயக்குனர் பதவியை பக்ஷி இழந்தார். வழக்கு நடந்தது. 2017 ஜூலையில் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அவருக்குப் பதவியைத் திருப்பித் தந்தது. அடுத்த மாதமே, "169 கடைகளுக்கும் எங்கள் பெயரை வைத்துக்கொள்ளும் உரிமையை ரத்து செய்கிறோம்" என்று அமெரிக்கக் கம்பெனி அறிவித்தது. 2019 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. பக்ஷியின் பங்கை அமெரிக்கக் கம்பெனியே வாங்கிக்கொண்டது. 2020-ல் புதிய கூட்டாளி வந்தார்.

யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நம் பேச்சு அல்ல. இதில் உள்ள பாடம்தான் நமக்கு வேண்டும். 169 கடைகள் இருந்தன. வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். ஆனால், பெயரே வழக்கில் கிடக்கும் கடைக்கு வெளியார் யார் துணிந்து விலை பேச வருவார்?

பெயர் யாருடையது?

ஒரு கம்பெனியின் பெயர், பலகை, செய்முறை எல்லாவற்றையும் ஒப்பந்தம் போட்டு வாங்கிக் கடை நடத்துவதைத்தான் "பிரான்சைஸ்" என்கிறார்கள். பெயர் உரிமைக் கடை என்று சொல்லலாம். முன்பணம் கட்ட வேண்டும். விற்பனையில் ஒரு பங்கை "ராயல்டி" என்று மாதாமாதம் கொடுக்க வேண்டும்.

நம் ஊர்களிலும் இப்படிப்பட்ட கடைகள் நிறைய வந்துவிட்டன. டீக்கடை, ஐஸ்கிரீம் கடை, கூரியர் கடை, மழலையர் பள்ளி என்று பல வகை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைப் போட்டவர்கள் உண்டு. மனைவியின் நகையை அடகு வைத்துத் தொடங்கியவர்களும் உண்டு. அவர்களில் சிலருக்கு இன்று கடையை விற்க வேண்டிய நிலை. வயதாகிவிட்டது, அல்லது பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். கடை ஓடும்போதே விற்றுவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

நினைப்பது சரி. ஆனால் விற்கப் போவது எதை? பெயர் உங்களுடையது அல்ல. கட்டடம் பெரும்பாலும் வாடகைக் கட்டடம். அப்படியானால் உங்களிடம் இருப்பது என்ன? ஒப்பந்தத்தில் மீதியுள்ள ஆண்டுகள், வாடகைச் சீட்டு, லைசென்சு, வேலையாட்கள், கணக்குப் புத்தகம். இவ்வளவுதான். இவற்றைச் செம்மைப்படுத்தினால் நல்ல விலை கிடைக்கும். இல்லாவிட்டால் மேஜை நாற்காலியின் விலைதான் மிஞ்சும்.

பெயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே கதை இருக்கிறது. மெக்டொனால்ட்ஸ் கடையைத் தொடங்கியவர்கள் ரிச்சர்டு, மாரிஸ் என்ற இரண்டு சகோதரர்கள். ரே கிராக் என்பவருக்கு அவர்கள் 1961-ல் தொழிலை 27 லட்சம் டாலருக்கு விற்றார்கள். முதல் கடையை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஆனால் பெயரை விற்றுவிட்டார்கள் அல்லவா? தங்கள் குடும்பப் பெயரையே அந்தக் கடையில் போட முடியவில்லை. "பிக் எம்" என்று வேறு பெயர் வைத்தார்கள். பக்கத்திலேயே கிராக் பழைய பெயரில் ஒரு கடை திறந்தார். சில ஆண்டுகளில் சகோதரர்களின் கடை மூடப்பட்டது.

முதல் கடிதம் யாருக்கு?

விற்க முடிவு செய்தவுடன் பலர் தரகரைத் தேடுகிறார்கள். அது பிறகு. முதலில் பெட்டியில் கிடக்கும் ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். புரியாவிட்டால் வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இந்தியாவில் பெயர் உரிமைத் தொழிலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டமும்தான் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. ஆகவே நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருக்கிறதோ, அதற்குத்தான் மதிப்பு.

அதில் பெரும்பாலும் சில நிபந்தனைகள் இருக்கும். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் கடையைக் கைமாற்றக் கூடாது. வேறு ஒருவருக்கு விற்குமுன் அதே விலைக்குக் கம்பெனியைக் கேட்க வேண்டும். கைமாற்றுவதற்குக் கட்டணம் உண்டு. புதிதாக வருபவர் பயிற்சி பெற வேண்டும். சில கம்பெனிகள் கடையைப் புதுப்பித்துத் தரவும் சொல்லும்.

இவற்றைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்தால் பேரம் முறிந்துவிடும். அதனால் முதல் கடிதம் கம்பெனிக்குப் போகட்டும். ஒப்பந்தத்தில் ஒன்றரை ஆண்டுதான் மீதி என்றால், அதை நீட்டித்துத் தரும்படி கேளுங்கள். ஒன்றரை ஆண்டில் முடிந்துபோகும் உரிமைக்கு மூன்று ஆண்டு லாபத்தை யார் விலையாகக் கொடுப்பார்?

ஒரு கணக்குப் போடுவோம்

ஒரு சிற்றுண்டிக் கடையில் மாதம் 6 லட்சம் ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். சரக்குக்கு 2,40,000 ரூபாய். சம்பளம் 1,20,000. வாடகை 75,000. ராயல்டி 36,000. மின்சாரம் 35,000. மற்றச் செலவு 34,000. ஆக, செலவு 5,40,000 ரூபாய். லாபம் 60,000.

"ஆண்டுக்கு 7,20,000 லாபம். மூன்று ஆண்டு லாபத்தைக் கொடுங்கள், 21,60,000 ரூபாய்" என்கிறார் விற்பவர்.

வாங்க வந்தவர் கேட்கிறார்: "கல்லாவில் உட்காருவது யார்?"

"நானும் என் மனைவியும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம்."

"சம்பளம்?"

"சொந்தக் கடைதானே, சம்பளம் எதற்கு?"

வாங்குபவர் அந்த வேலைக்கு ஓர் ஆள் வைக்க வேண்டும். அவருக்கு மாதம் 25,000 ரூபாய் கொடுத்தால் லாபம் 35,000 ஆகிவிடும். மூன்று ஆண்டுக்கு 12,60,000 ரூபாய். ஒரே கேள்வியில் 9 லட்சம் குறைந்துவிட்டது!

இதற்கு வழி உண்டா? உண்டு. விற்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே நம்பிக்கையான ஓர் ஆளை மேலாளராகப் பழக்குங்கள். அவர் சம்பளத்தைச் செலவில் எழுதுங்கள். வீண் செலவைக் குறைத்து, விற்பனையைக் கூட்டி, அதை ஈடுகட்டப் பாருங்கள். முதலாளி இல்லாமலும் ஓடுகிற கடைக்குத்தான் வாங்குபவர் துணிந்து பணம் கொடுப்பார்.

பில் போடாத பணம்

இன்னொரு வழக்கம் இருக்கிறது. கொஞ்சம் விற்பனைக்குப் பில் போடுவதில்லை. மேலே சொன்ன கடையில் மாதம் 30,000 ரூபாய் இப்படிக் கணக்கில் வராமல் போகிறது என்று வைப்போம். 5 சதவீத ஜி.எஸ்.டி.யில் 1,500 ரூபாய் மிச்சம். 6 சதவீத ராயல்டியில் 1,800 ரூபாய் மிச்சம். மொத்தம் 3,300 ரூபாய். 2025-26-ம் ஆண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஆகவே இந்தச் சிறு கடைக்காரருக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

நஷ்டம் எவ்வளவு? புத்தகத்தில் லாபம் மாதம் 26,700 ரூபாய் குறைவாகத் தெரிகிறது. மூன்று ஆண்டு லாபத்தை விலையாகப் பேசும்போது 9,61,200 ரூபாய் போய்விடுகிறது. "உண்மையில் இன்னும் அதிகம் வருகிறது" என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்? சொன்னால் திருட்டுக் கணக்கை ஒப்புக்கொண்டதாகும். வரி ஏய்ப்புக்கான தண்டனை வேறு காத்திருக்கிறது.

மூன்று ஆண்டுக் கணக்கு, ஜி.எஸ்.டி. படிவங்கள், வங்கிப் புத்தகம் மூன்றும் ஒரே தொகையைச் சொல்ல வேண்டும். அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

பழைய பாக்கி யார் தலையில்?

தொழில் கைமாறினாலும் பழைய ஜி.எஸ்.டி. பாக்கி விற்றவரையும் வாங்கியவரையும் சேர்த்தே பிடிக்கும். சட்டம் அப்படி. தொழிலாளர் வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பாக்கிகளும் இதேபோல்தான். வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்கும், ஈ.எஸ்.ஐ. 10 பேருக்குக் குறையாத இடத்துக்கும் பொருந்தும். விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது இந்த ரசீதுகளைத்தான். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கி வையுங்கள்.

வாடகைச் சீட்டையும் பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்ப்பதற்காகவே பலர் 11 மாதச் சீட்டு எழுதிக்கொள்கிறார்கள். 11 மாதம் கழித்து வீட்டுக்காரர் "காலி செய்யுங்கள்" என்றால் புதியவர் கதி என்ன? நீண்ட கால ஒப்பந்தத்துக்கு வீட்டுக்காரரை இப்போதே சம்மதிக்க வையுங்கள். அட்வான்ஸ் பணம் யாருக்குச் சேரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வாங்குபவரும் ஒரு குடும்பஸ்தர்

அமெரிக்காவில் புதிதாகப் பெயர் உரிமை கொடுக்கும் கம்பெனி, 23 தலைப்புகளில் விவரம் எழுதி, கையெழுத்துக்கு 14 நாள் முன்பே கொடுக்க வேண்டும். நம் நாட்டில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் விற்பவர் தாமாகவே விவரம் எழுதிக் கொடுக்கலாமே? என்ன லாபம், என்ன கடன், என்ன வழக்கு, ஏன் விற்கிறேன் என்று நாலு பக்கத்தில் எழுதினால் போதும். எதிரே புதுக் கடை வரப்போவது தெரிந்தால் அதையும் எழுத வேண்டும்.

"அதைச் சொன்னால் விலை குறையுமே!" என்பீர்கள். குறையலாம். மறைத்தால் என்ன ஆகும்? ஏமாற்றி வாங்கிய சம்மதத்தால் ஏற்பட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கும் உரிமை மற்றவருக்கு உண்டு என்கிறது ஒப்பந்தச் சட்டம். வாங்கிய பணத்தை வீடு கட்டவோ பெண் கல்யாணத்துக்கோ செலவழித்த பிறகு கோர்ட்டில் நிற்க வேண்டி வரும். உங்களைப் போலவே அவரும் நகையை அடகு வைத்துத்தான் வருகிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடை திறக்க நல்ல நாள் பார்க்கிறோம். விற்பதற்கும் நல்ல காலம் உண்டு. கடை நன்றாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சில ஆண்டுகளாவது மீதி இருக்க வேண்டும். நோயோ கடனோ கழுத்தைப் பிடிக்காத நேரமாக இருக்க வேண்டும். அவசரத்தில் விற்பவருக்கு வந்தவர் சொன்னதுதான் விலை. இரண்டு ஆண்டு முன்பே தயாரானவர் தமது விலையைத் தாமே சொல்லலாம்.