பதினாறாம் நாளுக்குள்ள இன்னொரு காரியம்

சாவு வீட்டுல யாராவது "இறப்பைப் பதிஞ்சாச்சா?"ன்னு கேட்டுட்டா போதும், நாலு பேர் முறைப்பாங்க. "எடுத்து ரெண்டு நாள் ஆகல, அதுக்குள்ள சொத்துல கண்ணு"ன்னு ஒரு பெரியம்மா முணுமுணுக்கும். என்னைக் கேட்டா, அந்தக் கேள்வியைக் கேக்கறவர்தான் அந்த வீட்டுக்கு நிஜமான ஒறவு.

1969ல வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இதுல ரொம்பத் தெளிவு. 21 நாளுக்குள்ள தகவல் சொல்லிட்டா கட்டணம் கிடையாது. சொன்னவங்களுக்கு ஒரு சான்றிதழ் இலவசமாவே தரணும். 21 தாண்டி 30 நாள் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட போயிடும். அதுக்கு மேல ஒரு வருஷம் வரை, கட்டணத்தோட மேலதிகாரியோட எழுத்து மூலமான அனுமதியும் வேணும். வருஷமே தாண்டிட்டா கோட்டாட்சியர் மாதிரி அதிகாரி விசாரிச்சு உத்தரவு போடணும். அதுக்கு அலையறது யாருன்னு நினைக்கறீங்க? பெரும்பாலும் புருஷனைப் பறிகொடுத்த பொம்பளைதான்.

இங்கதான் ஒரு சின்னக் கணக்கு. நம்மள்ல பல வீடுகள்ல காரியம் பதினாறாம் நாள். கெடுவுக்கு இன்னும் அஞ்சு நாள் மிச்சம் இருக்கு, சொந்தக்காரங்க அத்தனை பேரும் வீட்டுலயே இருக்காங்க. காரியத்துக்குச் சாமான் பட்டியல் போடறப்பவே இதையும் ஒரு வரி சேத்து, ஒரு ஆள் பேரை எதிர்ல எழுதிடுங்கன்னுதான் சொல்றேன்.

அந்த ஆள் தெரிஞ்சுக்க வேண்டியது அதிகமில்ல. பதிவு நடக்கறது உயிர் போன இடத்துல, சொந்த ஊர்ல இல்ல. தென்காசிக்காரர் மதுரை ஆஸ்பத்திரில இறந்தா மதுரையிலதான் பதிவு. ஆஸ்பத்திரின்னா தகவல் சொல்ற பொறுப்பு அவங்களோடது. வீட்டுல இறந்தா குடும்பத் தலைவரோ நெருங்கின ஒறவோ சொல்லணும். கிராமம்னா வி.ஏ.ஓ., மாநகராட்சின்னா அதோட சுகாதாரப் பிரிவு.

அடுத்தது பேரு. வீட்டுல பாப்பாத்தி, ஆதார்ல மாரியம்மாள், பேங்க் புக்ல எம். மாரி. ஆஸ்பத்திரில சேக்கறப்ப பதட்டத்துல கூட நின்ன பையன் சொன்ன பேருதான் கடைசி வரைக்கும் போகும். பிழையைத் திருத்த சட்டத்துல வழி இருக்கு, ஆனா ஆதாரம் காட்டணும், நடக்கணும். பதியறதுக்கு முன்னாடி ஒரு தடவை அடையாள அட்டையோட ஒப்பிட்டுப் பாக்க அஞ்சு நிமிஷம் ஆகுமா?

எனக்கு நிஜமாவே கோவம் வர்ற இடம் இன்னொண்ணு. "பாட்டிக்கு என்ன சொத்தா இருக்கு, சர்டிபிகேட் எதுக்கு?"ன்னு விட்டுடறாங்க. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துல, உயில் எழுதாம இறந்துபோன மகனுக்கு மனைவி, பிள்ளைகளோட அவன் அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. நாளைக்கு அந்த மகன் போயிட்டா, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் ஏறற மருமக கிட்ட "மாமியார் இருக்காங்களா, இல்லையா, அத்தாட்சி எங்கே?"ன்னுதான் கேப்பாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி போன கிழவிக்கு அப்ப எங்க போய் சாட்சி தேடறது? சொத்து இல்லாதவங்க சாவும் சாவுதான். அவங்க வாழ்ந்தாங்கன்னு சொல்ல அரசாங்கத்துக்கிட்ட இருக்கற கடைசிக் காகிதம் அது.

சில வீடுகள்ல வேற பயம். தற்கொலைன்னோ, சொல்லக் கூச்சப்படற நோய்னோ சான்றிதழ்ல வந்துடுமோன்னு தள்ளிப் போடுவாங்க. வராது. சான்றிதழ்ல சாவுக்கான காரணத்தைக் காட்டக் கூடாதுன்னு அதே 1969 சட்டத்துலயே இருக்கு.

அழறதுக்கு வருஷம் பூரா நேரம் இருக்கு மக்களே. இதுக்கு 21 நாள்தான்.

பி.கு: உங்க ஊர்ல இதை யார் எடுத்துச் செய்யறாங்க, மாமாவா, பங்காளியா? பின்னூட்டத்துல சொல்லுங்க, நாலு பேருக்கு உதவும்.